ஒளியிறுகு பிசின்: சொல்லும் பொருளும்

மின்கம்பியின் நுனியில் நெரித்துப் பொருத்தப்படும் உலோக இணைப்பு முனையான டெர்மினலை ஈரமும் உப்பும் அண்டாமல் காப்பதற்குரிய முறைகளுள் ஒன்று, அந்த இணைப்பை ஓர் அச்சுக்குள் வைத்துத் திரவ ரெசினால் நிரப்பி, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அதைத் திடமாக்குவதாகும். தொழிற்கூடங்களில் இதற்கு ‘யூவி கியூர் ரெசின்’ என்பதே வழங்கும் பெயர். தமிழில் எழுதும்போது இது ‘ஒளியில் உலரும் பிசின்’ என்றும், இயந்திர மொழிபெயர்ப்பில் ‘புற ஊதா குணப்படுத்தும் பிசின்’ என்றும் ஆகிவிடுகிறது. இரண்டும் பொருளைத் திரிக்கின்றன. ‘ஒளியிறுகு பிசின்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து; அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இந்தப் பிசின் எதைத் தடுக்கிறதோ அதன் பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துரு என்பது இரும்புக்கு உரிய சொல். செம்பின் மேல் பச்சையாகப் படிவதற்குக் களிம்பு என்று தனிச்சொல் உண்டு. செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் கலந்திருக்கிறது என்னும் சைவ சித்தாந்த உவமை அச்சொல்லை நெடுங்காலமாக வாழவைத்திருக்கிறது. அலுமினியம் வெண்பொடியாகச் சிதைவதற்கு இவ்விரண்டும் பொருந்தா. எல்லா உலோகங்களுக்கும் பொதுவான சொல் அரிமானம். கரையான் மரத்தை அரிப்பதைப் போலச் சூழல் உலோகத்தைச் சிறிது சிறிதாகத் தின்கிறது என்னும் பார்வையில் பிறந்த சொல் இது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கரோஷன்’ என்பதன் லத்தீன் வேரும் கொறித்தல் என்றே பொருள்படும். எலி முதலிய கொறிக்கும் விலங்குகளின் பெயரும் அவ்வேரிலிருந்தே வந்தது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே காட்சியிலிருந்து சொல் ஆக்கியிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

டெர்மினலில் இந்த அரிமானம் கடுமையாவது இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும்போதுதான். வாகனங்களின் எடையைக் குறைப்பதற்காகச் செம்புக் கம்பிக்கு மாற்றாக அலுமினியக் கம்பி பயன்படுத்தப்படுகிறது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்தினுடையது 2.70 கிராம். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடே என்பதால் கம்பியைச் சற்றுத் தடிமனாக்க வேண்டும். ஆக்கினாலும் எடை பாதியளவுதான் வரும். ஆனால் கம்பி மாறினாலும் டெர்மினல் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய செம்புக் கலவையாகவே இருக்கிறது. ஓர் உலோகம் எலக்ட்ரான்களை எவ்வளவு எளிதில் இழக்கும் என்பதைக் காட்டும் அளவு திட்ட மின்முனை அழுத்தம்; அது குறையக் குறைய இழப்பது எளிது. அலுமினியத்தினுடையது −1.66 வோல்ட், செம்பினுடையது +0.34 வோல்ட். உப்புநீர் இரண்டையும் ஒருசேர நனைக்கும்போது அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் இயல்பில் ஒரு காப்புதான் என்றாலும், உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அதைத் துளைத்துவிடும். வெள்ளீயப் பூச்சு ஓரளவு உதவும். ஆயினும் தகட்டிலிருந்து டெர்மினலை வெட்டியெடுத்த விளிம்புகளில் செம்பு வெளியே தெரியும். ஆகவே நீரே நுழையாதபடி இணைப்பு முழுவதையும் மூட வேண்டியிருக்கிறது.

மூடுவதற்கு வரும் பொருளே ரெசின். லத்தீனில் ‘ரெசினா’ எனவும் கிரேக்கத்தில் ‘ரேட்டினே’ எனவும் வழங்கிய சொல் பைன் முதலிய மரங்களில் வடியும் பாலைக் குறித்தது. 1907இல் வேதியியலாளர் லியோ பேக்லாந்து பேக்கலைட் என்னும் செயற்கைப் பிளாஸ்டிக்கை உருவாக்கிய பின் ஆலையில் செய்யப்படும் பொருள்களுக்கும் அப்பெயர் பரவியது. தமிழில் பிசின் என்று சொல்லும்போது ஒரு தயக்கம் எழுவது நியாயமே. வேலம் பிசின் நீரில் கரைவது, இங்கே நமக்கு வேண்டியதோ நீரைத் தடுப்பது. நீரில் கரையாமல் எண்ணெயில் கரையும் குங்கிலியமே இயல்பால் ரெசினுக்கு நெருங்கியது. எனினும் குங்கிலியம் ஒரு குறிப்பிட்ட மணப்பொருளின் பெயராகவே நின்றுவிட்டது. பிசின் வேதியியல் நூல்களில் பொதுச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. இறுகுவதற்கு முன் அத்திரவம் பிசுபிசுப்பாக இருப்பதும் அச்சொல்லுக்குத் துணைநிற்கிறது.

இடர்ப்பாடு ‘கியூர்’ என்பதில்தான் இருக்கிறது. அதன் மூலமான லத்தீன் ‘கூரா’ என்பதற்குக் கவனிப்பு, பேணுதல் என்பவையே பொருள். நோயாளியைப் பேணுவதிலிருந்து குணப்படுத்துதலும், தோலைப் பேணுவதிலிருந்து பதப்படுத்துதலும் கிளைத்தன. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்ட பின் வளர்ந்த ரப்பர்த் தொழிலிலும் அச்சொல் புகுந்தது. நாம் பெயர்க்க வேண்டியது அந்தச் சொல்லின் வரலாற்றை அன்று, பிசினுக்குள் நிகழும் மாற்றத்தை.

அம்மாற்றம் உலர்தல் அன்று. உலர்வது நீரோ கரைப்பானோ ஆவியாகி வெளியேறுவது. இங்கே எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். ‘உலரும்’ என்று எழுதிவிட்டால், காற்றோட்டத்தில் வைத்துக் காத்திருந்தால் போதும் என்று பணியாளர் எண்ணக்கூடும். ஒளி படாத பிசினோ எத்தனை நாள் காத்திருந்தாலும் திரவமாகவே கிடக்கும். உறைதலும் அன்று. உறைந்த மெழுகு சூட்டில் மீண்டும் உருகும்; இப்பிசின் கருகுமேயன்றி உருகாது. காங்கிரீட்டுக்கு வழங்கும் நீராற்றுதல் அழகான சொல்தான், ஆனால் அது நீருக்கே உரியது. இங்கே நிகழ்வது வேறு: பிசினில் கலந்துள்ள ஒளித்தூண்டி 365 நானோமீட்டர் போன்ற அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சிப் பிளந்து, பிசினின் அடிப்படைப் பொருளான அக்ரிலேட் மூலக்கூறுகளைச் சில நொடிகளில் ஒன்றோடொன்று பிணைக்கிறது. விலகி நின்றவை நெருங்கிக் கட்டுண்பதால் பருமனும் சில விழுக்காடு சுருங்குகிறது. நெருங்குதல், கெட்டியாதல், சுருங்குதல் மூன்றையும் ஒருசேரச் சொல்லும் தமிழ்ச் சொல் இறுகுதல்.

இலக்கணமும் இதற்குக் கைகொடுக்கிறது. ‘இறுகுபிசின்’ என்பது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை. இறுகிய, இறுகுகின்ற, இறுகும் பிசின் என முக்காலத்துக்கும் பொருந்தும். ஆகவே கலத்தில் உள்ள திரவத்துக்கும் டெர்மினலைச் சூழ்ந்த திடத்துக்கும் ஒரே பெயர் போதும். நடுவில் ‘ப்’ மிகாது என்பதையும் எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

முன்னொட்டாகப் ‘புற ஊதா’வை விட ‘ஒளி’யே நல்லது; கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியில் இறுகும் வகைகளும் உண்டு. ஒளியால் இறுகும் பொருள் புதியதும் அன்று. 1820களில் ஒளிப்படக்கலையின் முன்னோடியான நிசெஃபோர் நியெப்ஸ் நிலக்கீல் பூசிய தகட்டில் ஒளியை விழச்செய்து, ஒளி பட்ட இடம் இறுகி நிற்க, படாத இடத்தைக் கழுவி நீக்கியே தம் ஒளிப்படத்தை உருவாக்கினார்.

‘மோல்டு’ என்பதற்கு வார்ப்பச்சு போதுமானது. அந்த அச்சு வடிவம் தருவதோடு நிற்பதில்லை: காற்றிலுள்ள ஆக்சிஜன் அக்ரிலேட் பிணைப்பைத் தடுத்து மேற்பரப்பைப் பிசுபிசுப்பாகவே விட்டுவிடும் என்பதால், ஒளி ஊடுருவும் அச்சு காற்றை விலக்கி மேற்பரப்பும் இறுக உதவுகிறது. ‘சீல்’ என்பதற்கு முத்திரை என்று எழுதுவது பிழை. அரக்கை உருக்கி ஓலையையும் உறையையும் மூடிய காலத்தில் மூடலும் முத்திரையும் ஒன்றாக இருந்தன. இங்கே அடையாளம் எதுவும் இல்லை, நீர் புகாத அடைப்பு மட்டுமே உண்டு. எனவே முழுத்தொடர் ‘ஒளியிறுகு பிசின் அடைப்பு’ என்றாகும்.

நெரித்த டெர்மினலின் மடிப்புக்கு அடியிலும் கம்பி இழைகளின் இடுக்கிலும் பிசின் ஊறிச் செல்லும், ஒளி செல்லாது. அந்த நிழலில் உள்ளதை இறுக்க, வெப்பத்தாலோ ஈரத்தாலோ பின்னர் இறுகும் வேதிப்பொருளையும் சேர்த்த வகைகள் உள்ளன. அவற்றுக்கு ‘டூயல் கியூர்’ என்று பெயர். கியூருக்கு இறுகுதல் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதற்கும் தனியாகத் தேட வேண்டியதில்லை. அது இருவழி இறுகல்.