மான் கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்கு: கண்ணில் படாததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

காலை நடையில் 30 புள்ளிமான்கள் தென்பட்டால், அந்தக் காட்டில் 30 மான்கள் இருக்கின்றன என்று பொருளில்லை. முதுமலையில் மசினகுடிப் பக்கத்து முட்காட்டில் 80 மீட்டர் தள்ளி நிற்கும் மானும் தெரியும். மேற்கே பென்னைப் பக்கத்து ஈரக்காட்டில் 20 மீட்டரில் நிற்பதுகூடப் புதருக்குள் மறைந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு மான் இருந்தாலும் படிவத்தில் ஏறும் எண் வேறுவேறாக இருக்கும். அதனால் பார்த்தவற்றை வைத்துக்கொண்டு, பார்க்கத் தவறியவை எத்தனை என்று கணிப்பதுதான் கணக்கெடுப்பின் முக்கால்வாசி வேலை.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது நேர்கோட்டுப் பாதை முறை; களத்தில் டிரான்செக்ட் என்பார்கள். ஒவ்வொரு பீட்டிலும் (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் இருக்கும் காட்டுப் பகுதி) 2 கி.மீ. அளவுக்கு ஒரு நேர்கோடு குறித்துக்கொண்டு, விடிந்ததும் இரண்டு மூன்று பேர் சத்தமில்லாமல் மெதுவாக நடக்க வேண்டும். விலங்கைக் கண்டதும் நான்கு விவரங்கள் தேவை: என்ன விலங்கு, கூட்டத்தில் எத்தனை, எவ்வளவு தூரம், எந்தத் திசை. தூரத்துக்கு ரேஞ்ச்பைண்டர், திசைக்குத் திசைகாட்டி. நடக்கும் கோட்டுக்கும் விலங்கு நிற்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பால் தூரத்தைப் பெருக்கினால், நடக்கும் கோட்டிலிருந்து விலங்கு எவ்வளவு விலகி நின்றது என்பது கிடைக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் நிறையவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் தென்படும். அந்தக் குறைவு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை வைத்துத்தான் விடுபட்டவற்றைக் கணிக்கிறார்கள். இதை நம்பும்படி செய்ய ஒரு இனத்துக்கு 60 முதல் 80 கூட்டங்களாவது பதிவாகியிருக்க வேண்டும்.

தவறு அதிகமாக நடப்பது கோணத்தில். கோடு 40 டிகிரியில் போகிறது, மான் 70 டிகிரியில், 60 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 30 டிகிரி. விலகல் 30 மீட்டர். திசைகாட்டியை எடுக்கச் சோம்பல்பட்டு ‘கிட்டத்தட்ட நேர் எதிரேதான்’ என்று அந்த வித்தியாசத்தை 10 டிகிரி என எழுதினால், விலகல் பத்தரை மீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒரு மானில் இது பெரிதாகத் தெரியாது. குழு முழுக்க இப்படியே எழுதினால் விளைவைப் பாருங்கள்: மொத்தம் 120 கி.மீ. நடந்து 72 கூட்டங்களைப் பார்த்திருக்கிறார்கள். கோட்டின் இருபுறமும் 40 மீட்டர்வரை பார்வை எட்டியதாகக் கணக்கு வந்தால், அலசிய பரப்பு 9.6 சதுர கி.மீ. அப்படியானால் சதுர கி.மீ.க்கு 7.5 கூட்டம்; கூட்டத்துக்கு 4 மான் என்றால் 30 மான். கோணப் பிழையால் அந்த 40 மீட்டர் 20 ஆகக் குறைந்தால் விடை 60. காட்டில் ஒரு குட்டிகூடக் கூடுதலாகப் பிறக்காமலே மான்கள் இரட்டிப்பாகிவிட்டன.

அளக்க வேண்டியது மான் முதலில் நின்ற இடத்துக்கு. ஓடிப்போய் நின்ற இடத்துக்கு அல்ல. கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கு அளக்க வேண்டும். ரேஞ்ச்பைண்டரின் கதிர் முன்னால் இருக்கும் இலையில் பட்டுத் திரும்பினால் 60 மீட்டரை 15 என்று காட்டும். மானுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தின் அடியைக் குறிவைத்தால் சரியாக வரும். திசைகாட்டியைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், முள் திரும்பிவிடும். சத்தம் மட்டும் கேட்டால் அதைப் பதிவு செய்யக் கூடாது. நடப்பதற்கு வசதி என்று ஜீப் பாதையையோ தீத்தடுப்புக் கோட்டையோ டிரான்செக்டாக வைத்துக்கொள்ளவும் கூடாது. புதர் வெட்டிய ஓரத்தில் புது புல் முளைத்திருக்கும், மான்கள் அங்கேதான் வந்து மேயும்.

புலிக்கு இந்த முறை சரிவராது, அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. முன்பு கால்தடத்தைப் படியெடுத்து எண்ணினார்கள். ஒரே புலியின் தடம் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் ஒரு மாதிரியும் பதியும். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005இல் தேடியபோது ஒன்றுகூட இல்லை. இன்று தானியங்கிக் கேமராக்கள் வந்துவிட்டன. புலியின் வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஒவ்வொன்றாக, முழங்கால் உயரத்தில் கட்டுகிறார்கள். ஒரு பக்கக் கேமரா வேலை செய்யாவிட்டால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படும் ஆபத்து உண்டு. முதல் சுற்றில் 20 புலிகளை அடையாளம் கண்டு, அடுத்த சுற்றில் வந்த 25இல் 10 பழையவை என்றால், மொத்தம் சுமார் 50 என்பது இதன் அடிப்படைக் கணக்கு. 2022 அகில இந்தியக் கணக்கெடுப்பின் சராசரி 3,682. குறைந்தபட்சம் 3,167, மேல் வரம்பு 3,925. செய்திகளில் சராசரி மட்டும் வருவது வருத்தமான விஷயம். இரண்டு ஆண்டுகளின் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், ‘கூடிவிட்டது’ என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

யானைக்கு லத்திக் குவியல்களை எண்ணுவதும் உண்டு. யானை நாளொன்றுக்குச் சுமார் 16 முறை லத்தி போடுவதாக எடுத்துக்கொள்வார்கள். குவியல் 100 நாள் கிடக்கும் என்று கொண்டால், சதுர கி.மீ.க்கு 3,200 குவியல் என்பது 2 யானை. 200 நாள் என்று கொண்டால் 1 யானைதான். மழையும் சாணி வண்டும் எவ்வளவு சீக்கிரம் அதைக் கரைக்கின்றன என்பதை அந்தந்தக் காட்டிலேயே, அந்தந்தப் பருவத்திலேயே பார்த்துக் குறிக்க வேண்டும். வேறு காட்டின் எண்ணை எடுத்துப் போட்டால் விடை கெட்டுப்போகும்.

எத்தனை என்பது ஒரு கேள்வி; எங்கெங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. இதற்குக் காட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பலமுறை போய்த் தடயம் தேடுகிறார்கள். விலங்கு வாழும் கட்டத்தில் ஒருமுறை போனால் தடயம் கிடைக்க 40 சதவீத வாய்ப்பு என்றால், மூன்று முறை போயும் கிடைக்காமல் போக 22 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து முறை போனால் அது 8 சதவீதத்துக்குக் குறையும். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ‘இங்கே இல்லை’ என்று வரைபடத்தில் வெள்ளையாக விடுவது அந்த விலங்குக்குச் செய்யும் அநியாயம். அந்த வெள்ளை இடத்தைக் காட்டித்தான் நாளைக்குச் சாலைக்கும் சுரங்கத்துக்கும் அனுமதி கேட்பார்கள்.

எதுவுமே தென்படாத நடைக்கும் படிவம் எழுத வேண்டும்: பாதை எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வானிலை, ‘இல்லை’ என்ற சொல். வெறும் படிவம்தானே என்று பத்து நடையை விட்டுவிட்டால், நடந்த தூரம் ஏட்டில் 120 கி.மீ. அல்ல, 100 கி.மீ. என்றாகும். மேலே வந்த 30 மான், 36 ஆகிவிடும்.