மீட்டரில் 40 காட்டினால் போதுமா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் வீடுகளில், ஜூன் மாதம் ஆர்ஓ குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: டேங்கின் உட்சுவரில் விரல் பட்டால் வழுக்கும் படலம், மிதவைக்கு அடியில் பழுப்புக் கசடு. இந்த வாரமும் வேளச்சேரியில் ஒரு வீட்டில் அதைக் காட்டினேன். வீட்டுக்காரர் டிடிஎஸ் மீட்டரை நீட்டி, “40தானே காட்டுகிறது, பிறகு எதற்கு சர்வீஸ்?” என்றார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி இது.

அந்த மீட்டர், தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்துள்ள உப்பின் அளவை, அதாவது டிடிஎஸ்ஸை, கணக்கிட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். கிருமிகள் எவ்வளவு பெருகினாலும் அந்த எண் அசையாது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, ஈ.கோலை கிருமியோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. போதாததற்கு, குழாய்த் தண்ணீரில் கிருமியைத் தடுக்கும் குளோரினைக் கார்பன் ஃபில்டர் நீக்கிவிடுவதால், டேங்கில் தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. (மின்சாரம் பாயும் இரண்டு கம்பிகளை முக்கித் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டி இயந்திரம் விற்பவர்கள் எங்கள் தொழிலிலும் உண்டு. அந்த நிறம் கரையும் இரும்புக் கம்பியினுடையது, நம்பாதீர்கள்.)

சில நாட்கள் வீடு பூட்டியிருந்தால், டேங்கை முழுவதும் வடித்து, கழுவி, அடுத்து நிரம்பும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். புதிய மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) பதப்படுத்தும் ரசாயனத்தோடு வரக்கூடும் என்பதால், அதை மாற்றிய பிறகும் முதல் டேங்கைக் குடிக்காதீர்கள். புதிய கார்பன் ஃபில்டரிலிருந்து கருந்தூள் நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை, அந்த ஃபில்டரை மெம்பரேனோடு இணைக்கக் கூடாது. கார்பன் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். அதே காரணத்தால் பிளீச்சிங் கரைசலை மெம்பரேனுக்குள் ஒருபோதும் செலுத்தாதீர்கள். தண்ணீர் வீணாகிறதே என்று கழிவுக் குழாயை மடக்கிக் கட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெளியேற வேண்டிய உப்பு மெம்பரேனிலேயே படிந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

கைக்குழந்தை இருக்கும் வீடென்றால், டேங்கைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுங்கள்.