பழங்காசைச் சுத்தம் செய்ய எந்த மைக்ரோஸ்கோப்?

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவது போலவே பழைய செப்புக்காசையும் தேய்த்துவிடுகிறார்கள் பலர். காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த செம்பில், உலோகத்தை ஒட்டிச் சிவப்பு நிறக் குப்ரைட்டும் அதற்கு மேல் பச்சை நிற மாலகைட்டும் அடுக்காகப் படிந்திருக்கும். அச்சடித்த நாளில் இருந்த மேற்பரப்பு பெரும்பாலும் இந்தக் களிம்பு அடுக்குகளுக்குள்தான் பதிந்து கிடக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது அந்த மேற்பரப்பும் சேர்ந்து கரைந்துவிடுகிறது.

அதனால் மேலே ஒட்டிய மண்ணையும் தடித்த பச்சையையும் மட்டும் ஊசியாலோ சீவிய மூங்கில் குச்சியாலோ துணுக்குத் துணுக்காகப் பெயர்க்க வேண்டும். அதற்குத்தான் மைக்ரோஸ்கோப்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?' என்று. முதலில் கேட்க வேண்டியது, லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்பது. கல்லூரி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸைப் போட்டால் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஊசியை எங்கே நுழைப்பது? பிம்பம் தலைகீழாக வேறு தெரியும். கையை வலப்பக்கம் நகர்த்தினால் ஊசி இடப்பக்கம் போகும். விளக்கும் கீழே இருக்கிறது. காசு வழியாக வெளிச்சம் வராது.

இந்த வேலைக்கு ஏற்றது ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப். ஹொரேஷியோ கிரீனோ என்ற அமெரிக்கர் 1892-இல் இதன் அமைப்பை முன்வைத்தார். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் சில ஆண்டுகளில் செய்து காட்டியது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை. இரண்டும் காசைச் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால் மூளை அவற்றைச் சேர்த்து மேடு பள்ளத்தை உணர்கிறது. உள்ளே இருக்கும் பட்டகங்கள் பிம்பத்தை நேராக்கிவிடுகின்றன. லென்ஸுக்குக் கீழே பொதுவாக 10 சென்டிமீட்டர் அளவுக்கு இடம் கிடைக்கும். ஊசிமுனை எழுத்தைத் தொட்டுவிட்டதா, இன்னும் மேலே நிற்கிறதா என்பதை இரு கண்ணாலும் உணரும் ஆழம்தான் சொல்லும். கணினியில் செருகும் யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் ஒரே லென்ஸால் பார்ப்பதால் படம் தட்டையாக இருக்கும். கை அசைந்த பிறகுதான் திரையில் ஊசி அசையும். படம் எடுக்க அது போதும், சுத்தம் செய்ய உதவாது.

சரி, எத்தனை மடங்கு? 7 முதல் 45 வரை ஸூம் ஆகும் கருவி தாராளம். பார்வைப் புலம் 20 மில்லிமீட்டர் உள்ள 10 மடங்குக் கண்வில்லையில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்), மொத்தம் 10 மடங்கு வைத்தால் 20 மில்லிமீட்டர் அகலம் தெரியும். ராஜராஜன் செப்புக்காசு ஒன்று ஏறக்குறைய அதற்குள் அடங்கும். அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் உள்ள நாகரி எழுத்தைத் துலக்க 20 மடங்கு போதும். 40-க்குப் போனால் 5 மில்லிமீட்டர்தான் தெரியும், கைநடுக்கமும் 40 மடங்காகும். அதை ஆய்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: வெளிர்பச்சைத் தூள் புள்ளிகள் தென்பட்டால் உள்ளே குளோரைடு ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது என்று பொருள். அந்தக் காசை உடனே ஈரமில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும். லென்ஸின் கீழ்முனையில் 0.5 மடங்குத் துணைவில்லை மாட்டினால் உருப்பெருக்கம் பாதியாகி, கை நுழையும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நல்ல வசதி.

வெளிச்சத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லென்ஸைச் சுற்றிய வளைய விளக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஒளி பாய்ச்சி நிழலையே அழித்துவிடும், உலோகம் கண்ணைக் கூசவைக்கும். கழுத்து வளையும் சிறு விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில், காசின் மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்த்தி வையுங்கள். தேய்ந்துபோன எழுத்துக்கும் நிழல் விழும். அப்புறம் காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொரு திசையில் எழும்.

வாங்கும் முன் தேய்ந்த பத்துப் பைசா ஒன்றையும் குச்சியையும் கடைக்கே கொண்டு போங்கள். இரு கண்ணாலும் பார்த்தபடி, நினைத்த எழுத்தின் ஓரத்தில் குச்சிமுனையைத் தடுமாறாமல் வைக்க முடிகிற கருவியை வாங்குங்கள்.