அல்வா தின்றால் பல் ஏன் கூசுகிறது? கூச்சப் பேஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

நெல்லையப்பர் கோயில் பக்கம் இலையில் வாங்கிய சுடச்சுட அல்வாவை வாயில் போட்டதும் சிலருக்குக் கடைவாயோரம் சுள்ளென்று இழுக்கும். சூடு பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அங்கே வேலையைக் காட்டுவது சர்க்கரைதான்.

பல்லின் தலைப்பகுதிக்கு எனாமல் கவசம் உண்டு. ஈறு மூடியிருக்கும் வேர்ப்பகுதிக்கு அது கிடையாது. சிமெண்டம் என்ற மெல்லிய பூச்சு மட்டுமே. ஈறு இறங்கினால் அந்தப் பூச்சு சீக்கிரம் தேய்ந்து, அடியிலுள்ள டென்டின் வெளியே வந்துவிடும். டென்டின் முழுக்க நுண்குழாய்கள். ஒவ்வொன்றும் 1 முதல் 2 மைக்ரான் அகலம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் இருக்கும். குழாய்க்குள் நீர், உள்முனையில் நரம்பு. அந்த நீர் அசைந்தால் நரம்பு துள்ளும். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகளோடு நிலைநாட்டிய விளக்கம் இது.

ஐஸ் பட்டால் நீர் சுருங்கி வெளிப்பக்கமாக வேகமாக நகரும். அடர்ந்த சர்க்கரைப் பாகும் சவ்வூடு பரவலால் நீரை வெளியே இழுக்கும். சூட்டுக்கு நீர் உள்பக்கமாக மெல்ல நகர்வதால் கூச்சம் குறைவு. அதனால்தான் கொதிக்கிற காப்பியைக் குடிக்கிறவர் ஜில்லென்ற நன்னாரி சர்பத்துக்கு முகம் சுளிக்கிறார்.

கூச்சப் பேஸ்டுகள் எல்லாம் ஒரே சரக்கில்லை. விளம்பரத்தை விட்டுவிட்டு டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘பொட்டாசியம் நைட்ரேட் 5%’ என்றிருந்தால் அது நரம்பை அமர்த்தும் வகை. வெடிமருந்தில் சேரும் அதே வெடியுப்புதான். இந்த அளவில் பயமில்லை. பொட்டாசியம் அயனிகள் குழாய் வழியே ஊறி நரம்பைச் சுற்றிச் சேரும்போது, அது மறுபடி மறுபடி சைகை அனுப்ப முடியாமல் அடங்குகிறது. நீர் வெளியே கசிய, அயனி எதிர்நீச்சல் போட்டு உள்ளே போக வேண்டும். ஆகவே பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். நாலு நாள் தேய்த்துவிட்டு ‘ஒண்ணும் கேக்கலை’ என்று பழைய பேஸ்டுக்குப் போனால் போட்ட காசு வீண்.

மற்ற வகை, குழாயின் வாயை அடைப்பது. ஸ்டானஸ் ஃப்ளோரைடு, கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்த 8% ஆர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் இவையெல்லாம் இந்தக் கூட்டம். ஆர்ஜினின் பேஸ்டை விரல்நுனியில் எடுத்துக் கூசும் இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்தால் உடனேயே கொஞ்சம் அடங்கும். ஸ்டானஸ் ஃப்ளோரைடு சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை விடும். டாக்டர் சுத்தம் செய்தால் போய்விடும்.

அடைப்பைக் கரைப்பது புளிப்பு. புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து சோடா குடித்த கையோடு பல் தேய்க்கக் கூடாது. புளிப்பில் மேற்பரப்பு இளகியிருக்கும். பிரஷ் அதையும் சேர்த்து வழித்துவிடும். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

பெரியவர்களுக்கு ஓர் அங்குல நீளப் பேஸ்ட், காலையும் இரவும் 2 நிமிடம். துப்பியபின் செம்பு நிறையத் தண்ணீரை விட்டுக் கொப்பளிப்பதுதான் நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு. வேலை செய்யவேண்டிய மருந்து அப்படியே வாஷ்பேசினில் போகிறது. நுரையைத் துப்பினால் போதும். இரவில் தேய்த்தபின் எதுவும் தின்னாதீர்கள். 12 வயதுக்குக் கீழ் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கண்ணாடி முன் நின்று நகத்தை ஈறோரம் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால், கடினப் பிரஷ்ஷை வைத்துக் குறுக்கே அழுத்தி இழுத்த பழக்கத்தின் தடம் அதுவாக இருக்கலாம். உமிக்கரி, செங்கல்பொடி, சொரசொரப்பான பல்பொடி எல்லாம் இன்னும் மோசம். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’தான், ஆனால் குச்சியையும் நுனியை நன்றாக மென்று மெதுவாக்கிவிட்டுத்தான் தேய்த்தார்கள். சாஃப்ட் பிரஷ்ஷுக்கு மாறாமல் பேஸ்டை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் அடைக்க அடைக்க மறுபக்கம் தேய்ந்துகொண்டே இருக்கும். பள்ளம் ஆழமாகிவிட்டால் ஃபில்லிங்தான் வழி.

கிராம்புத் தைலம் சற்றுநேரம் மரத்துப்போகச் செய்யும்; குழாயை அடைக்காது.

உண்மையான கூச்சம், குளிர்ச்சியோ இனிப்போ விலகியதும் சில நொடியில் அடங்கிவிடும். நிமிடக்கணக்கில் நின்று விண்விண்ணென்று தெறித்தால், அல்லது சும்மா இருக்கும்போதே ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், சொத்தை உள்ளே நரம்புவரை போயிருக்கலாம். கொட்டைப்பாக்கு கடிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: காராச்சேவைக் கடிக்கும்போதோ, கடித்துவிட்டுப் பல்லை விடுவிக்கும் நொடியிலோ சுரீர் என்றால் விரிசலாக இருக்கலாம். இவற்றுக்குப் பேஸ்ட் மருந்தாகாது. 4 வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் மாறாத கூச்சத்தையும் இதே கணக்கில் வைத்து, எந்தப் பல், எதைத் தின்றால், எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு பல் டாக்டரிடம் போங்கள்.