வென்டிலேட்டர் ஏற்றிவிட்டால் ஐசியு ஆகிவிடாது

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கடலோரம் முழுக்கச் சங்கங்களும் ஜமாத்துகளும் வசூல் செய்து ஆம்புலன்ஸ் வாங்குகிறார்கள். நல்ல மனசு. ஆனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: ‘வென்டிலேட்டர் இருக்கா?’ ஆக்சிஜன் எத்தனை லிட்டர் என்று கேட்பாரில்லை. பரமக்குடி தாண்டியதும் சிலிண்டர் தீர்ந்து, வெறுங்காற்றில் ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) அமுக்கிக்கொண்டே கொண்டுவரப்படும் நோயாளிகள் இன்னும் எத்தனை பேர்?

கணக்கு இதுதான். சின்ன பி டைப் சிலிண்டரில் நிரம்ப இருந்தால் 1,500 லிட்டர். முழு ஆக்சிஜனில் வென்டிலேட்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுத்தால் 150 நிமிடம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பிறகு எப்படிப் போதும்? மீட்டர் முள் பாதியில் நின்றால் இருப்பதும் பாதிதான். ஹைஃப்ளோவில் (மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் முறை) நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால் அதே சிலிண்டர் 25 நிமிடம். டர்பைன் (வெளிக்காற்றை இழுத்துத் தள்ளும் விசிறி) இல்லாத சில வென்டிலேட்டர்கள் தாங்கள் ஓடவே தனியாக ஆக்சிஜன் குடிக்கும், வாங்கும்போதே கேளுங்கள். பயண நேரத்துக்கு ஆவதைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். 7,000 லிட்டர் டி டைப் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தி, பி டைப் ஒன்றை மாற்றுக்கு வையுங்கள். சிலிண்டர் சாவியைச் சங்கிலியில் கட்டுங்கள். ஓடும் வண்டியில் அதைத் தேடக் கூடாது.

அடுத்தது கரண்ட். வென்டிலேட்டர், மானிட்டர், சளி உறிஞ்சும் சக்‌ஷன், மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் எல்லாம் ஒரே இன்வெர்ட்டரில் தொங்கும். நம் உப்புக்காற்றில் பேட்டரி முனையிலும் எர்த் வயரிலும் பச்சை பூத்துவிடும். பார்க்க இறுகித்தான் இருக்கும், லோடு ஏறியதும் கைவிடும். மாதம் ஒருமுறை கழற்றிச் சுரண்டி வாசலின் தடவுங்கள். கருவிகளின் உள் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்.

நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் பெல்ட் போட்டு உட்கார இடம் வேண்டும். அந்த இடத்தில் அலமாரி அடித்துவிட்டால், தொண்டை வழியே போட்ட மூச்சு டியூப் நழுவும்போது யார் எங்கிருந்து பிடிப்பது? சிலிண்டரையும் மானிட்டரையும் கயிற்றால் கட்டாதீர்கள். திடீர் பிரேக்கில் நேராக நோயாளி மேல்தான் வந்து விழும்.

உறவினர்களே, பதற்றம் புரிகிறது. ‘வேகமாப் போங்க’ என்று டிரைவரை விரட்டாதீர்கள். ஏறுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் வரும்? கூட வருபவருக்கு வென்டிலேட்டர் பார்க்கத் தெரியுமா? டியூப் போட்ட நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றியதும், வண்டி நகரும் முன், நெஞ்சு இருபுறமும் ஏறி இறங்குகிறதா, கேப்னோ அலை (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை மானிட்டரில் காட்டும் கோடு) வருகிறதா என்று கூட வருபவர் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் வண்டியை எடுக்க விடாதீர்கள்.