எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்

ஆயில் பெயின்டிங்கில் கிராமத்து நிலக்காட்சி வரையக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் முதலில் கொடுப்பது பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல் போர் படங்களில் ஒன்றைத்தான். பிரான்சில் ஜிவெர்னி என்ற ஊரில், தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில், 1890 கோடையின் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை சுமார் 25 படங்கள் வரைந்தார் அவர். வெயில் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். பார்க்க நம்மூர் வைக்கோல் போர் மாதிரி இருந்தாலும் அவை கதிர் அடிக்காத கோதுமைக் கட்டுகள்.

நிழல் என்றதும் எல்லோருடைய கையும் கறுப்பு ட்யூபுக்குப் போகும். அதை நான் முதல் நாளே எடுத்து வைத்துவிடுவேன். அல்ட்ராமரைன் நீலம், அலிசரின் சிவப்பு, துளி வெள்ளை. இந்த ஊதாவைப் போரின் மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மஞ்சளில் வெயில் ஏறும். வைத்த வண்ணத்தைத் திரும்பத் தடவக் கூடாது. மூன்றாம் முறை பிரஷ் போனால் சேறுதான். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் பிரஷைத் துடைக்க வேண்டும். ஒரு படம் முடிவதற்குள் ஏழெட்டுத் துணி எண்ணெயில் ஊறிவிடும்.

அந்தத் துணிகளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் கூட்டிக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் முடிச்சுப் போட்டு, உள்ளே துடைத்த துணிகள். எடுத்தேன். அடிப்பக்கம் சுட்டது. வெயில் படாத மூலை, பக்கத்தில் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை. அப்படியே மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்து உதறினேன். நடுவில் இருந்த துணி பழுப்பேறி, கருகிய எண்ணெய் வாடை அடித்தது. அன்றைக்கு அப்படியே பூட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஆயில் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவருகிறது. கேன்வாஸில் அது தெரியாது, உடனே காற்றில் கலந்துவிடும். சுருட்டிய துணிக்குள் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. சூடு கூடக் கூட எண்ணெய் இன்னும் வேகமாக இறுகும், அதில் இன்னும் சூடு வரும். சில மணி நேரத்தில் தீப்பொறியே இல்லாமல் தீப்பிடிக்கலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று டர்பன்டைன், ஆயில் வண்ணத்தை இளக்கும் திரவம். அதன் ஆவிக்குக் காற்றோட்டம் வேண்டும். 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைக்கும் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகுதான் வண்ணத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவது சுலபமானது. காற்றோட்டத்தில் வளர்ந்த இந்த முறையை நாம் ஜன்னலைச் சாத்திய படுக்கையறையில் பழகுகிறோம். தாளும் துணியும் காற்றில் பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுகிறோம். ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும், கண் எரியும். சிலருக்குக் கையில் தடிப்பு வரும். "வரைந்தால் தலை வலிக்கிறது சார்" என்று வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜன்னலைப் பற்றித்தான்.

முதல் பூச்சுக்கு மட்டும் கொஞ்சம் டர்பன்டைன் போதும். மேலே போகப்போக எண்ணெய்ப் பங்கு கூட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வெடிப்பு விடும். பிரஷைக் கழுவச் சமையல் எண்ணெயும் சோப்பும் போதும். கலங்கிய டர்பன்டைனைச் சிங்கில் கொட்டாதீர்கள். மூடிய பாட்டிலில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, வெட்டவெளியில் கொடியில் போடுங்கள். முழுக்க விறைத்துக் காய்ந்தபிறகு குப்பையில் போடலாம். கொடி கட்ட இடமில்லையா, மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் முக்கி வையுங்கள். எங்கள் வகுப்பில் அந்த டப்பா கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் துணியைப் போட்டுவிட்டுத்தான் யாரும் செருப்பு மாட்ட வேண்டும்.