ஹர்ராகா: எல்லையை எரிப்பவர்கள்

மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா கரைகளிலிருந்து சிறு படகேறி ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ கிளம்பும் இளைஞர்களை அங்குள்ள பேச்சு அரபியில் ‘ஹர்ராகா’ என்பார்கள். ஒருமையில் ஹர்ராக், அந்தப் பயணம் ஹர்கா. எரித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒரு செயலைத் தொழிலாகக் கொண்டவரைக் குறிக்கும் அரபு அச்சில் வார்த்த சொல். நம் ‘கசாப்பு’க்கு மூலமான ‘கஸ்ஸாப்’பும் அதே அச்சுதான்.

எரிப்பது அடையாள அட்டையை, கடவுச்சீட்டை. பிடிபட்டவரைத் திருப்பியனுப்ப, அவர் தம் குடிமகன் என்று சொந்த நாட்டுத் தூதரகம் ஒப்புக்கொண்டு பயணத்தாள் தர வேண்டும். அடையாளத் தாள் இல்லையென்றால் அந்த ஒப்புதல் இழுபடும். இன்னொரு பொருளும் உண்டு: சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியை விடுவதையும் அங்கே ‘எரித்தல்’ என்றே சொல்கிறார்கள். அந்த வகையில் எல்லையும் எரிக்கப்படுகிறது.

2003 முதல் யூரோடாக் என்ற ஐரோப்பியத் தரவுத்தளம் இப்படி வந்து பிடிபடுபவர்களின் கைரேகைகளைச் சேர்த்துவைக்கிறது. அதற்கு அஞ்சி விரல் நுனியையே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. மேல்தோல் மட்டும் கருகியிருந்தால் வளரும்போது ரேகையும் திரும்பிவிடும், வலிதான் மிச்சம்.

தாளை எரிப்பதால் அதிகம் இழப்பவர்கள் உண்மையிலேயே சிறுவர்களாக இருப்பவர்கள். துணையின்றி வரும் 18 வயது நிரம்பாதவரை எல்லையிலிருந்து திருப்பியனுப்ப இத்தாலியின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வயதுக்குச் சான்று இல்லாதபோது மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துக் கணிப்பதுண்டு. அது ஓரிரு ஆண்டு பிசகக்கூடியது. 17 வயதுப் பையன் பெரியவனாகப் பதிவாகி அந்தப் பாதுகாப்பை இழக்கலாம். கடலில் இறந்துபோனால் உடலுக்குப் பெயர்கூடக் கிடைக்காது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. செய்திகளில் வரும் ‘சட்டவிரோதக் குடியேறி’ போய்ச்சேரும் நாட்டின் பார்வை. ஹர்ராகா புறப்படும் கரையின் சொல். (புறப்படுவதும் குற்றம்தான்: அல்ஜீரியாவின் 2009 சட்டப்படி 2 முதல் 6 மாதம் வரை சிறை.) ‘அகதி’, ‘ஏதிலி’ இரண்டும் துன்புறுத்தலுக்குத் தப்பி வருபவருக்கு உரியவை, இவர்களில் பலர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ அழகான தொடர், ஆனால் அதில் மீறல் இல்லை.

‘எல்லையெரிப்போர்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. தனியாக நின்றால் தீவைப்பவர் என்று தோன்றும். எனவே முதல் இடத்தில் ‘ஹர்ராகா எனப்படும் எல்லையெரிப்போர்’ என்று சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம்.